பழைய லேப்டாப்புக்கு லினக்ஸோடு ஒத்துப்போகும் டாக்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத, ஆனால் வேறு குறையொன்றும் இல்லாத லேப்டாப்புகள் திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ வீடுகளில் இருந்தன. அவற்றில் ஒரு பகுதி இப்போது மின்ட், உபுண்டு, டெபியன் என்று ஏதாவதொரு லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படி மாற்றிக்கொண்டவர்கள் பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ வீட்டில் உட்கார்ந்து நாள் முழுதும் வேலை பார்ப்பவர்களாக இருந்தால், சில வாரங்களில் கழுத்து வலி அவர்களை அடுத்த கேள்விக்குக் கொண்டுவந்துவிடுகிறது. பெரிய மானிட்டர், தனி விசைப்பலகை, கம்பிவழி இணையம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டி வைத்து, லேப்டாப்பைக் கொண்டுவந்து மாட்டினால் போதும் என்று செய்ய முடியுமா? அதைச் செய்வதற்கென்று இருப்பதுதான் டாக்கிங் ஸ்டேஷன். கடைக்காரர்கள் சுருக்கமாக டாக் என்பார்கள்.

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் மச்சான் சென்ற ஆண்டு ஒரு டாக் வாங்கினார். இரண்டு ஹெச்டிஎம்ஐ, நான்கு யூஎஸ்பி, ஈதர்நெட், மெமரி கார்டு துளை என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்த படம் நிறைவாகத்தான் இருந்தது. கடையில் கேட்டதற்கு, "அண்ணாச்சி, உங்க லேப்டாப்புல டைப்-சி முனை இருக்குல்லா, பொறவு என்ன, எல்லாம் ஓடும்" என்று பதில் கிடைத்தது. வீட்டில் மாட்டிப் பார்த்தபோது விசைப்பலகை ஓடியது, ஈதர்நெட் ஓடியது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. லினக்ஸ்தான் காரணம் என்று முடிவுகட்டி, இரண்டு நாள் இரவில் வெவ்வேறு டிரைவர்களைத் தேடி அலைந்தார். காரணம் லினக்ஸ் அல்ல. அந்த லேப்டாப்பின் டைப்-சி துளை தரவை மட்டுமே கடத்தும். படம் அதன் வழியாக வெளியே வராது. விண்டோஸ் இருந்தாலும் அந்த மானிட்டர் எரிந்திருக்காது.

ஆகவே டாக்கில் எத்தனை துளைகள் இருக்கின்றன என்பதைக் கடைசியில் எண்ணிக்கொள்ளலாம். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ஒரு துளை என்ன செய்யும் என்பதும், டாக்குக்குள் இருக்கும் சில்லுகளை லினக்ஸின் மைய நிரலான கர்னல் தானாகவே அறியுமா என்பதும்தான் முதலில் தெரிய வேண்டியவை.

லேப்டாப்பைப் படித்தல்

முதலில் உங்கள் லேப்டாப்பின் மாதிரிப் பெயரைத் துல்லியமாகக் கண்டுபிடியுங்கள். அடிப்பக்கச் சீட்டு அழிந்து போயிருந்தால், டெர்மினலில் டிஎம்ஐடிகோட் (dmidecode) என்ற கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கினால் தயாரிப்பாளரின் பெயரும் மாதிரிப் பெயரும் கிடைக்கும். அந்தப் பெயரை வைத்துத் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டையோ விவரப் பட்டியலையோ தேடி எடுத்து, துளைகளைப் பற்றிய பக்கத்தை மட்டும் படித்தால் போதும். விற்பனைத் தளங்களின் விவரப் பட்டியலை இந்த ஒரு விஷயத்தில் நம்ப வேண்டாம். அங்கே டைப்-சி என்று மட்டும் எழுதி, அது எதைக் கடத்தும் என்பதை விட்டுவிடுவார்கள்.

துளையின் அருகே அச்சிட்டிருக்கும் குறிகளும் உதவும். டி என்ற ஆங்கில எழுத்துக்குள் பி பொதிந்தது போன்ற குறி இருந்தால் அது டிஸ்பிளேபோர்ட் எனும் பட இணைப்பைக் கடத்தும். மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட், அதாவது படம், தரவு இரண்டையும் மிகுவேகத்தில் கடத்தும் இணைப்பு. யூஎஸ்பியின் திரிசூலக் குறி மட்டும் இருந்தால், படம் வராது என்று வைத்துக்கொண்டு கையேட்டைப் பார்ப்பதே பாதுகாப்பானது. எக்ஸ்ராண்டர் (xrandr) கட்டளையைத் தட்டினால் டிபி-1, டிபி-2 என்றெல்லாம் வரிசையாகத் தெரியும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். கிராஃபிக்ஸ் சில்லுக்கு அத்தனை வெளிவழிகள் இருக்கலாம் என்பதைத்தான் அது காட்டுகிறது. அவற்றை லேப்டாப்பின் பலகையில் உண்மையாகவே கம்பியிட்டு வெளியே கொண்டுவந்திருக்கிறார்களா என்பது அந்தப் பட்டியலில் தெரியாது.

எல்லாவற்றையும் விட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. டைப்-சியிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறிய அடாப்டர் ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி, லேப்டாப்பில் மாட்டி, வீட்டுத் தொலைக்காட்சியில் படம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டைப்-சி டாக் உங்களுக்கு உதவும். வராவிட்டால், லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் டைப்-சி அல்லது தண்டர்போல்ட் முடக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த வழியை மறந்துவிடலாம். என் மச்சான் டாக்குக்குக் கொடுத்த தொகையில் சிறு பங்குகூட அந்த அடாப்டருக்கு ஆகியிருக்காது.

அடியில் பூட்டும் டாக்

உங்கள் லேப்டாப் ஏறத்தாழ 2010-க்கும் 2017-க்கும் இடையில் அலுவலகப் பயன்பாட்டுக்கென்று வந்த மாதிரியாக இருந்தால், அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிறிய மூடிக்குள் நீளவாக்கில் பல ஊசித்தொடர்புகள் கொண்ட இணைப்பு இருந்தால், உங்களுக்கு வாய்த்திருப்பது அதிர்ஷ்டம். லெனோவாவின் திங்க்பேட் டி420, டி430 வகைக்கு மினி டாக் பிளஸ் சீரிஸ் 3-ம், எக்ஸ்220, எக்ஸ்230 ஆகியவற்றுக்கு அல்ட்ராபேஸ் சீரிஸ் 3-ம், 2013-க்குப் பின் வந்த டி440 முதலானவற்றுக்கு அல்ட்ரா டாக் வகையும் பொருந்தும். டெல் லாட்டிட்யூட் இ-வரிசைக்கு இ-போர்ட், இ-போர்ட் பிளஸ் என்பவை உண்டு. எச்பி எலைட்புக் 820, 840 வகைகளின் முதல் சில தலைமுறைகளுக்கு அல்ட்ராஸ்லிம் டாக் என்பது பக்கவாட்டில் பொருந்தும்.

இவ்வகை டாக்குகளை நான் ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், லினக்ஸில் இவற்றுக்கு எந்த டிரைவரும் தேவையில்லை. லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சில்லிலிருந்து புறப்படும் டிஸ்பிளேபோர்ட், டிவிஐ கம்பிகளே அந்த ஊசிகளின் வழியாக டாக்குக்கு நீள்கின்றன. டாக்கின் துளை லேப்டாப்பின் சொந்தத் துளையைப் போலவே கர்னலுக்குத் தெரிகிறது. சார்ஜும் அதன் வழியாகவே ஏறும். சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்பி ரோட்டிலும் அலுவலகங்கள் கழித்துவிட்ட டாக்குகள் பழைய சரக்காக வரும். அங்கிருந்து கூரியரில் வரவழைக்கலாம். புது டைப்-சி டாக்கோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு.

கவனிக்க வேண்டியவை மூன்று. பெயர் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும் வரிசை மாறினால் பொருந்தாது. டி430-க்கு உரியது டி440-இல் உட்காராது. இரண்டாவது, மின்சார அடாப்டர். டி430 தலைமுறைக்கு உருண்டை முனை, டி440 முதல் செவ்வக முனை. அடாப்டர் இல்லாமல் டாக் மட்டும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டு, பின்னர் பொருந்தும் அடாப்டரைத் தேடி ஊரூராக அலைய நேரும். டெல் லேப்டாப்புகளில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அவற்றின் அடாப்டர் முனையின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி, அடாப்டர் இத்தனை வாட் என்ற செய்தியை லேப்டாப்புக்குச் சொல்கிறது. போலி அடாப்டரிலோ ஊசி வளைந்துபோன அடாப்டரிலோ அந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால், லேப்டாப் ஓடும்; ஆனால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது, செயலியும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லினக்ஸ் மெதுவாகிவிட்டது என்று அதற்கும் லினக்ஸின் மேல் பழி போடுவார்கள்.

மூன்றாவது, எத்தனை மானிட்டர் என்பது. 2011-இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் கிராஃபிக்ஸ், லேப்டாப்பின் சொந்தத் திரையையும் சேர்த்து ஒரே சமயத்தில் இரண்டு திரைகளைத்தான் ஓட்டும். 2012-இன் ஐவி பிரிட்ஜிலிருந்து மூன்று ஓடும்; ஆனாலும் அதில் வெளியே போகும் இரண்டையும் டிஸ்பிளேபோர்ட் வழியாகவே கொண்டுபோவது நல்லது. டாக்கில் நான்கு படத்துளைகள் இருப்பதால் நான்கு மானிட்டர்கள் எரியும் என்று பொருளாகாது. இரண்டு பெரிய மானிட்டர்களை சாண்டி பிரிட்ஜில் ஓட்ட விரும்பினால், லேப்டாப்பின் திரையை அமைப்புகளில் அணைத்துவிட வேண்டும்.

உவரி, கூத்தங்குழி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள், ஊசித்தொடர்புகள் திறந்தே கிடக்கும் இவ்வகை டாக்கை லேப்டாப் இல்லாத நேரத்தில் ஒரு துணியால் மூடி வையுங்கள். உப்புக்காற்று தாங்கும் அளவுக்கு அந்தத் தொடர்புகளின் முலாம் தடித்ததன்று.

டைப்-சி: பாதைக் கணக்கு

படம் கடத்தும் டைப்-சி துளை இருப்பவர்களுக்குத்தான் தேர்வு மிகுதி, குழப்பமும் மிகுதி. இங்கே சிறிய கணக்கு ஒன்று தெரிந்தால் பெரும்பாலான தவறுகளைத் தவிர்த்துவிடலாம்.

டைப்-சி கேபிளுக்குள் அதிவேகப் பாதைகள் நான்கு இருக்கின்றன. டைப்-சி வழியே படம் அனுப்பும் டிஸ்பிளேபோர்ட் மாற்றுமுறையில் அந்த நான்கையும் படத்துக்கே கொடுத்துவிடலாம்; அப்போது டாக்கின் யூஎஸ்பி துளைகள் யூஎஸ்பி 2.0 வேகமாகிய 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அல்லது இரண்டைப் படத்துக்கும் இரண்டை யூஎஸ்பி 3-க்கும் பிரிக்கலாம். அட்டைப்பெட்டியில் யூஎஸ்பி 3.0 என்று பெருமையாக எழுதியிருக்கும் டாக்குகள் பெரும்பாலும் இரண்டாம் வழியைத்தான் கொள்கின்றன.

இன்டெல் 6-ஆம் தலைமுறை முதல் 8-ஆம் தலைமுறை வரையிலான லேப்டாப் கிராஃபிக்ஸ் டிஸ்பிளேபோர்ட் 1.2 வகையைச் சேர்ந்தது. அதில் ஒரு பாதையின் வேகம் விநாடிக்கு 5.4 கிகாபிட், குறியீட்டுக்கென்று ஐந்தில் ஒரு பங்கு கழிந்தால் படத்துக்குக் கிடைப்பது 4.32 கிகாபிட். இரண்டு பாதைக்கு 8.64. 1920-க்கு 1080 அளவுள்ள மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் ஓட்ட ஏறத்தாழ 3.6 கிகாபிட் வேண்டும் என்பதால், அத்தகைய மானிட்டர் இரண்டு அந்த 8.64-க்குள் அடங்கிவிடும். 2560-க்கு 1440 அளவுள்ளது ஒன்றுக்கு ஏறத்தாழ 5.8 தேவை, ஒன்று அடங்கும், இரண்டு அடங்காது. 4கே மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் ஓட்ட 12.5 கிகாபிட்டுக்கு மேல் வேண்டும் என்பதால், இரண்டு பாதையில் அது 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 30 ஹெர்ட்ஸில் மவுஸின் சுட்டி சேற்றில் நடப்பதுபோல் இழுபடும். எழுத்து வேலைக்குக்கூட அது பொறுக்க முடியாது என்பது என் எண்ணம். டாக்கின் அட்டையில் 4கே 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பது டிஸ்பிளேபோர்ட் 1.4 உள்ள புதிய லேப்டாப்பை மனத்தில் வைத்துத்தான். அதில் ஒரு பாதைக்கு 8.1 கிகாபிட் போகும். பழைய லேப்டாப் வைத்திருப்பவர் அந்த வரியை நம்பி 4கே மானிட்டர் வாங்கிவிடக் கூடாது. ஹெச்டிஎம்ஐ துளை 1.4 வகையாக இருந்தாலும் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு மானிட்டர் வேண்டுமென்றால், டாக் எம்எஸ்டி என்ற முறையில் ஒரே டிஸ்பிளேபோர்ட் ஓட்டத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். லினக்ஸ் கர்னல் 2014-இல் வந்த 3.17 பதிப்பிலிருந்தே இன்டெல் கிராஃபிக்ஸில் இதை அறியும். 2013-இல் வந்த இன்டெல் ஹாஸ்வெல் தலைமுறை முதல் இது வேலை செய்யும். தனி டிரைவர் எதுவும் வேண்டாம். வாங்கும்போது, இரண்டாவது ஹெச்டிஎம்ஐ எப்படி ஓடுகிறது, எம்எஸ்டியா டிஸ்பிளேலிங்கா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் தளத்தைப் பாருங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் டிரைவர் பதிவிறக்கச் சொல்லும் குறிப்பு இருந்தால் அது டிஸ்பிளேலிங்காகத்தான் இருக்கும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சார்ஜ் ஏறுவது இன்னொரு தனிக் கேள்வி. படம் கடத்தும் டைப்-சி துளைகள் எல்லாமே மின்சாரத்தை உள்ளே வாங்கிக்கொள்பவை அல்ல. தொடக்க ஆண்டுகளின் சில லேப்டாப்புகளில் படம் வெளியே வரும், சார்ஜ் உள்ளே போகாது. அவற்றுக்கு டாக் வாங்கினாலும் பழைய சார்ஜரையும் கூடவே மாட்டித்தான் ஆக வேண்டும். ஏற்கும் லேப்டாப்பாக இருந்தால், உங்கள் பழைய சார்ஜரில் எழுதியிருக்கும் வாட்டைப் பாருங்கள். 65 வாட் என்றால் டைப்-சியில் அது 20 வோல்ட், 3.25 ஆம்பியர். சொந்த அடாப்டர் இல்லாமல், உங்கள் சார்ஜரையே தன்மேல் மாட்டச் சொல்லும் சிறிய டாக்குகள், தம் தேவைக்கென்று 10 முதல் 15 வாட் வரை எடுத்துக்கொண்ட பிறகே மீதியை லேப்டாப்புக்கு அனுப்புகின்றன. 65 வாட் சார்ஜரை மாட்டினால் லேப்டாப்புக்குப் போய்ச் சேர்வது 50 அளவில்தான். சித்திரை வெயிலில் விசிறி முழுவேகத்தில் சுற்றும்போது, சார்ஜில் போட்டிருந்தும் பேட்டரி குறைவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

டாக்கோடு வந்த கேபிளைத் தொலைத்துவிடாதீர்கள். கைப்பேசி சார்ஜருடைய டைப்-சி கேபிள் பார்க்க அதே போல இருக்கும். ஆனால் அவற்றில் பலவற்றுக்குள் அந்த அதிவேகப் பாதைகளே இருப்பதில்லை.

தண்டர்போல்ட்

மின்னல் குறி உள்ளவர்கள் தண்டர்போல்ட் 3 டாக்கையும் பார்க்கலாம். 40 கிகாபிட் அகலம் என்பதால் மேற்சொன்ன பாதைக் கணக்கின் நெருக்கடி பெரிதும் தளரும். 2017-இல் வந்த 4.13 கர்னலிலிருந்து லினக்ஸில் இதன் பாதுகாப்பு நிலைகள் இருக்கின்றன. புதிய கருவியை முதன்முறை மாட்டும்போது அதற்கு அனுமதி கொடுத்துப் பதிய வேண்டும். க்னோம், கேடிஇ என்ற டெஸ்க்டாப்புகள் இரண்டிலும் அமைப்புகளிலேயே அதைச் செய்யலாம். இல்லாவிட்டால் போல்ட்சிடிஎல் (boltctl) என்ற கட்டளை இருக்கிறது. டாக்கை மாட்டியும் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றினால், கெட்டுப்போன சரக்கு என்று திருப்பி அனுப்புமுன் அந்த அனுமதியைப் பாருங்கள்.

மின்னல் குறி இல்லாத சாதாரண டைப்-சி லேப்டாப்புக்கு, பழைய சரக்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று தண்டர்போல்ட் டாக் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளே இன்டெல்லின் ஆல்பைன் ரிட்ஜ் சில்லு இருந்தால் வேலை செய்யாது. 2018-இல் வந்த டைட்டன் ரிட்ஜ் சில்லு இருந்தால், அது சாதாரண டைப்-சிக்கு இறங்கி வந்து ஓடும். சில்லின் பெயர் தெரியாமல் வாங்க வேண்டாம்.

பழைய யூஎஸ்பி துளை மட்டும் இருந்தால்

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது வந்த கருவிகளில் பலவற்றில் விண்டோஸோடு, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது; இந்தப் பக்கத்தில் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது அதில்தான். அந்தத் திட்டத்தின் லேப்டாப்புகளிலும், வீட்டுப் பயன்பாட்டுக்கென்று வந்த பிற மாதிரிகளிலும் அடியில் இணைப்பும் இல்லை, டைப்-சியும் இல்லை. இவற்றுக்கு யூனிவர்சல் டாக் என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் டிஸ்பிளேலிங்க் சில்லைக் கொண்டவை. அந்தச் சில்லுகளை இப்போது சினாப்டிக்ஸ் நிறுவனம் தயாரிக்கிறது.

இது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இதன் குறையும் புரியும். கிராஃபிக்ஸ் சில்லிலிருந்து கம்பி எதுவும் டாக்குக்குப் போவதில்லை. திரையில் மாறும் பகுதியைச் செயலியே சுருக்கி, சாதாரணத் தரவாக யூஎஸ்பி வழியே அனுப்புகிறது. டாக்கில் இருக்கும் சில்லு அதை விரித்துப் படமாக்குகிறது. யூஎஸ்பி 2.0 காலத்துச் சில்லுகளுக்கு யூடிஎல் என்ற டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது; ஆனால் வேகம் போதாது. யூஎஸ்பி 3.0 சில்லுகளுக்கு ஈவிடிஐ என்ற கர்னல் கூறும், மூலநிரல் திறந்துவைக்கப்படாத ஒரு மேலாளர் நிரலும் தனியே நிறுவப்பட வேண்டும். கர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஈவிடிஐ மறுபடி தொகுக்கப்படும். கர்னல் தலைப்புக் கோப்புகள் இல்லாமலிருந்தாலோ, புதிய கர்னலை அந்த ஈவிடிஐ பதிப்பு இன்னும் அறியாமலிருந்தாலோ, திங்கட்கிழமை காலையில் மானிட்டர் எரியாது. கையொப்பமிட்ட நிரலை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் அந்தக் கூறுக்குக் கையொப்பச் சாவியையும் பதிய வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மேலாளர் நிரல் தொடங்கிய பிறகுதான் அந்த மானிட்டரில் படம் வரும் என்பதால், பயாஸ் திரையும், வட்டுக்குக் குறியாக்கம் செய்திருந்தால் அதன் கடவுச்சொல் கேட்கும் இடமும் அதில் தெரியாது. லேப்டாப்பை மூடிவைத்தபடி தொடங்கும் எண்ணமிருந்தால் இது பெரிய இடைஞ்சல்.

இரண்டு கோர் செயலி மட்டுமே உள்ள பழைய லேப்டாப்பில் இதன் வழியாகக் காணொளி பார்த்தால் செயலி திணறும். கணக்கு, கடிதம், நிரல் எழுதுவது போன்ற அசைவு குறைந்த வேலைக்கு இரண்டாவது திரையாக வைத்துக்கொள்ளலாம். அப்படி வாங்குவதாக இருந்தால் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பிலேயே நில்லுங்கள். கர்னலை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பெயரற்ற மலிவான யூஎஸ்பி-ஹெச்டிஎம்ஐ மாற்றிகளில் ஃப்ரெஸ்கோ லாஜிக் எஃப்எல்2000 போன்ற சில்லுகள் இருக்கும். அதற்குரிய டிரைவர் கர்னலில் சேர்க்கப்படவில்லை, தொடவே வேண்டாம்.

உண்மையில், இந்த வகை லேப்டாப்புக்கு டாக்கே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. லேப்டாப்பில் ஏற்கெனவே ஹெச்டிஎம்ஐ அல்லது விஜிஏ துளை இருக்கும். மானிட்டரை அதில் நேராக மாட்டுங்கள். மற்றவற்றுக்குத் தனி அடாப்டரோடு வரும் யூஎஸ்பி 3.0 ஹப், ஈதர்நெட்டும் சேர்ந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு கேபிளுக்குப் பதில் மூன்று கேபிள்களை மாட்ட வேண்டியிருக்கும். அதற்கு நாளொன்றுக்குப் பத்து விநாடி ஆகும். ஈவிடிஐயோடு மல்லுக்கட்டும் ஒரு மாலைப்பொழுதை விட அது மலிவு. ஈதர்நெட் சில்லு ரியல்டெக் ஆர்டிஎல்8153 அல்லது ஏசிக்ஸ் ஏஎக்ஸ்88179 ஆக இருந்தால், இரண்டுக்கும் டிரைவர் கர்னலிலேயே உண்டு. ஒலித்துளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். யூஎஸ்பி ஒலி பொதுவான முறையில் ஓடுவது.

யூஎஸ்பி 3 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் கம்பியில்லா மவுசுக்கும் இரைச்சல் உண்டாக்கும் என்பதை இன்டெல் 2012-இலேயே விளக்கியிருக்கிறது. ஹப்பை மாட்டியதும் மவுஸ் தத்தித் தத்திப் போனால், மவுஸின் சிறு வாங்கியை ஒரு நீட்டிப்புக் கம்பியில் ஒரு முழம் தள்ளி வையுங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

மின்சாரம்

இதைத் தனியே எழுதக் காரணம், நம் ஊர்களில் டாக்கோடு வரும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் தொடங்குகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்படும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். மழைக்காலத்தில் காற்று வீசும்போது அறிவிப்பில்லாமல் போய்வரும் மின்சாரம்தான் பிரச்சினை. லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் தனக்கொன்றும் ஆகாது என்று அது ஓடிக்கொண்டே இருக்கும். தனி அடாப்டரில் ஓடும் டாக் அந்தக் கணமே செத்துவிடும். அதோடு மானிட்டர், ஈதர்நெட், டாக்கில் மாட்டிய வெளிவட்டு எல்லாமே ஒரே நேரத்தில் போய்விடும். வட்டில் எழுதிக்கொண்டிருந்த நேரமாக இருந்தால் கோப்பமைப்பு சிதையும். அதனால் காப்புப்பிரதி வட்டை டாக்கில் மாட்டாமல் லேப்டாப்பின் சொந்தத் துளையில் மாட்டுவதே என் வழக்கம். டாக், மானிட்டர், ரவுட்டர் மூன்றையும் ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் சேர்த்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் இருந்தால், மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்த நொடியில் டாக் அணைந்து எழுகிறதா என்று ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். சில இன்வெர்ட்டர்களில் கணினிக்கென்று யூபிஎஸ் நிலை ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தால் மாற்றம் விரைவாக நடக்கும்.

அடாப்டர் மூன்று முள் பிளக்கோடு வந்தால், அதை இரண்டு முள் மாற்றியில் செருக வேண்டாம். நிலக்கம்பி இல்லாமல் போனால், உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தொடும்போது விரலில் மெல்லிய அதிர்வு தெரியும்.

கடையிலும் வீட்டிலும் சோதிப்பது

வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ நேரில் வாங்குவதாக இருந்தால் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போங்கள். கடையின் மானிட்டரில் மாட்டிக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையைத் தட்டிப் பார்த்தால் டாக்கின் உள்ளிருக்கும் சில்லுகளின் பெயர்கள் வரிசையாக வரும். அங்கே டிஸ்பிளேலிங்க் என்ற பெயரோ 17இ9 (17e9) என்ற அடையாள எண்ணோ இருந்தால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது டிஸ்பிளேலிங்க்தான். அதே கட்டளையோடு ஒரு சிறு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் (lsusb -t) ஒவ்வொரு கருவியும் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று மரவடிவில் காட்டும். யூஎஸ்பி 3 வட்டை மாட்டியும் 5000 என்பதற்குப் பதிலாக 480 என்று வந்தால், கேபிளையோ பாதைப் பங்கீட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் அன்றாடம் செய்யப்போகும் எல்லாவற்றையும் செய்து பாருங்கள். லேப்டாப்பை மூடிவைத்தபடி டாக்கின் விசைப்பலகையால் வேலை செய்யுங்கள். உறக்கநிலைக்கு அனுப்பி எழுப்புங்கள். உறக்கத்தில் இருக்கும்போதே டாக்கைக் கழற்றி, தனியே எழுப்பி, மறுபடி மாட்டுங்கள். டாக்கின் உண்மைக் குணம் தெரிவது இந்தக் கடைசிச் சோதனையில்தான். படம் வரும், ஈதர்நெட் வராது, அல்லது திரைகளின் இடவலம் மாறிப்போகும். லேப்டாப்பை மூடியதும் அது உறங்கிவிட்டால் பதற வேண்டாம். லினக்ஸின் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, டாக்கில் இருக்கும்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட திரைகள் இணைந்திருக்கும்போதும், மூடுவதைப் பொருட்படுத்தாமல் விடும்படிதான் இயல்பாக அமைந்திருக்கிறது. டெஸ்க்டாப்பின் மின்சார அமைப்பு அதை மீறியிருக்கும், அங்கே மாற்றிக்கொள்ளலாம். டாக்கின் உள்நிரலைப் புதுப்பிக்க விண்டோஸ் வேண்டும் என்று சொல்லப்பட்டால், எஃப்டபிள்யூயூபிடி (fwupd) என்ற லினக்ஸ் கருவியின் பட்டியலில் உங்கள் டாக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டெல்லின் டபிள்யூடி19 போன்றவை அதில் இருக்கின்றன.

என் மச்சானின் டாக்கைக் கடைக்காரர் அரைமனதோடு திரும்ப எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அடாப்டரோடு கூடிய ஹப்பும் இரண்டு மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிளும் கொடுத்தார். மீதிப் பணத்துக்கு மச்சான் ஒரு யூபிஎஸ் கேட்டார். அது இன்னும் பாக்கியில் இருக்கிறது.